உஸ் சாரின் மெத்தை அறை

தென்னாற்காடு மாவட்டம் முழுவதையும் வாயை மூடிக்கொள்ளச் சொன்ன ஒரே மனிதர் உஸ் சார்தான். கலெக்டருக்குக்கூட அப்படியொரு யோசனை வந்ததில்லை. மனிதர்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. காக்கையிடம் சொல்வார், கிணற்று ராட்டினத்திடம் சொல்வார், கூட்ஸ் வண்டியிடமும் சொல்வார். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, கண்ணைச் சுருக்கி, "உஸ்!" கூட்ஸ் வண்டி மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. மற்றவை ஓரளவு கேட்டன.

என் பழைய நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. உஸ் சார் விஷயத்தில் அதற்குத் தேவையும் இல்லை.

அறுபதுகளின் நடுவில், காசநோய்க்கு எந்தச் சிகிச்சை முறை நல்லது என்று சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றைச் சென்னையிலிருந்து நடத்தினார்கள். அதன் கடலூர்க் கிளை திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே கேட்டை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தது. அங்கே நான் எழுத்தர். நோயாளிகளை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்குத் தினமும் ஊசி, இன்னொரு கட்சிக்கு வாரத்தில் சில நாள் மட்டும் ஊசி. எது போதும் என்பதுதான் கேள்வி. அந்த ஊசி கிருமியைக் கொல்லும். சிலருக்குக் காதையும் சேர்த்துக் கொல்லும். போன காது திரும்பாது. ஆனால் கெட ஆரம்பிக்கும்போதே கண்டுபிடித்து நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதனால் மாதா மாதம் எல்லோருக்கும் காது பரிசோதனை. அதைச் செய்யச் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர்தான் உஸ் சார்.

அவருக்கு ஒரு நிஜப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் அதை எழுதியவனே நான்தான். ஆனால் அதை இங்கே போட்டால் கடலூரில் ஒருவருக்கும் ஆள் தெரியாது.

பரிசோதனை எளிது. நோயாளியின் காதில் ஹெட்போனை மாட்டுவார். மெஷினில் ஒரு குமிழைத் திருப்பி, பொத்தானை அமுக்கினால் 'ஊம்' என்றோ 'கீ' என்றோ ஒரு சத்தம் வரும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எதுவரை விரல் எழுகிறது என்று குறித்துக்கொள்வார். இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நிசப்தம். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நிசப்தம் தேடிய மனிதரை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

முதலில் வாசலில் ஒரு பலகை வைத்தார். 'உள்ளே காது பரிசோதனை நடக்கிறது. யாரும் பேசக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் அதை உரக்கப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள், "என்னாய்யா எழுதிருக்கு?" என்று கேட்டு மறுபடி படிக்கச் சொன்னார்கள். பலகை வைத்த பிறகு வாசலில் பேச்சுச் சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது.

பலகையைக் கழற்றிவிட்டு எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தார். எங்கள் நாற்காலி, கதவுக் கீல், கிணற்று ராட்டினம் எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய். தெருவில் போகிற சைக்கிள் கிறீச்சிட்டால் நிறுத்தி அதற்கும் எண்ணெய் விடுவார். விஷயம் தெரிந்து, மஞ்சக்குப்பத்திலிருந்தெல்லாம் சுற்றிக்கொண்டு அந்த வழியாகச் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள். ஆயாவின் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிக் கைக்குட்டையால் கட்டச் சொன்னார்.

"கைய மடக்க முடியல சார், எப்பிடிப் பெருக்குறது?" என்றாள் ஆயா.

"சத்தம் இல்லாம பெருக்கு."

"சத்தம் இல்லாம பெருக்குனா அது பெருக்குனதே இல்ல சார்."

"உஸ்!"

இதில் வேடிக்கை, சிதம்பரத்தில் அவர் குடியிருந்தது ஒரு பித்தளைப் பாத்திரப் பட்டறைக்கு அடுத்த வீடு. விடிந்தால் அடைந்தால் டங்கு டங்கென்று அடிப்பார்கள். "வேற வீடு பாக்கக் கூடாதா சார்?" என்று கேட்டேன். "ஒரு தடவ பாத்துப் போனேன். தூக்கமே வரல, திரும்பி வந்துட்டேன்" என்றார். நிசப்தம் அவருக்கு நோயாளிகளுக்காகத்தான் தேவைப்பட்டது.

கடைசியில்தான் அவருக்கு மெத்தை யோசனை வந்தது. பின்கட்டில் இருந்த ஒரு சின்ன அறையின் சுவர்களிலும் கதவிலும் மெத்தைகளை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். மூடிவிட்ட ஒரு லாட்ஜிலிருந்து வாங்கிய பழைய மெத்தைகள். சத்தம் அடங்கியது உண்மை. ஆனால் அவற்றில் லாட்ஜ் காலத்து மூட்டைப்பூச்சிகள் காலி செய்யாமல் குடியிருந்தன. நோயாளி விரலைத் தூக்கினால் கேட்டது என்று அர்த்தமா, கடித்தது என்று அர்த்தமா என்று தெரியாமல் ஒரு மாதம் தவித்தார். பிறகு புது இலவம்பஞ்சு மெத்தைகள் வந்தன. தடிமனான மெத்தைகள். அறையில் பாதியை அவையே அடைத்துக்கொண்டன. மீதி இடத்தில் மெஷின், ஒரு பக்கம் உஸ் சார், எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க நோயாளி. நாற்காலியைத் திருப்பிப் போடக்கூட இடமில்லை.

ஊரில் வேறு மாதிரி பேச்சு கிளம்பியது. "உள்ள மெத்த கட்டி வச்சிருக்காங்களாம். அடிச்சா வெளிய சத்தம் கேக்காதாம்" என்று டீக்கடையில் என் காதுபடச் சொன்னார்கள். ஆனாலும் நோயாளிகள் வந்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்து எழுந்தவர்கள், "உள்ள போனா மனசு அடங்கிடுது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி டிரைவர் காதர் பாய்.

காதர் பாய் கடலூர் முதுநகர்க்காரர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். கண்டக்டர் சலீம் அவருடைய மச்சான். உஸ் சாருக்கும் அவருக்கும் முதல் அறிமுகமே சண்டைதான். சிதம்பரத்து நோயாளிகளுக்காக வாரம் ஒரு நாள் காது மெஷினை அங்கே கொண்டுபோவார் உஸ் சார். அதற்குக் கம்பளி போர்த்தி, தனி டிக்கெட் வாங்கி, பக்கத்து சீட்டில் உட்காரவைப்பார். அப்படிப் போன ஒரு நாள், ஆலப்பாக்கம் தாண்டியதும் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வர, காதர் பாய் ரப்பர் ஹாரனைப் பிழிந்தார். பாம், பாம்!

"டிரைவர்! உஸ்!"

காதர் பாய் கண்ணாடியில் பார்த்தார். "யாருக்கு சார் உஸ்ஸு?"

"மெஷின் நாசூக்கானது. ஹாரன் அடிக்காம ஓட்டுங்க."

"ஹாரன் அடிக்காம ஓட்டுறதுக்கு இது என்னா தோணியா சார்? எறங்கி, மாட்டுக்கிட்ட நீங்க உஸ்ஸு சொல்லுங்க. அது நவுந்துச்சுன்னா நான் ஹாரனக் கழட்டி உங்க கையில குடுத்துடறேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. உஸ் சார் இறங்கினார். சொல்லியும் பார்த்தார். மாடு நகரவில்லை. ஏறி உட்கார்ந்ததும், "ஹாரன் அடிங்க" என்றார் கௌரவமாக. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

சில மாதம் கழித்து அதே பஸ்ஸில் காதர் பாய் இருமியதைக் கேட்டுவிட்டு உஸ் சார் உஸ் சொல்லவில்லை. புதுச்சத்திரம் வருவதற்குள் அவர் இன்னும் நான்கைந்து முறை இருமினார். மறுநாள் காலை உஸ் சார் அவரைக் கையோடு எங்கள் ஆபீசுக்கு அழைத்து வந்துவிட்டார்.

சோதித்ததில் காசநோய். அதோடு இன்னொரு சிக்கல். அவருக்கு ஏற்கெனவே ஒரு வருஷமாக இருமல் இருந்திருக்கிறது. இருமும்போது கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார், நின்றதும் விட்டிருக்கிறார். சளியைச் சென்னைக்கு அனுப்பி வளர்த்துப் பார்த்ததில், அவருடைய கிருமிகள் அந்த மாத்திரைக்குச் சாகவில்லை.

எங்கள் டாக்டரம்மா அவருக்குப் புரியும்படி சொன்னார். "அரகொறையா சாப்பிட்டீங்க இல்ல பாய்? கிருமிக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு. இனிமே அதைப் பார்த்தா பயப்படாது."

காதர் பாய் கொஞ்சம் யோசித்தார். "புரியுதும்மா. தெனம் வர்ற பாசஞ்சரு கண்டக்டர்கிட்ட சிரிச்சுப் பேசிப் பழகிட்டு, டிக்கெட் எடுக்காம ஏறிக்கிற மாரி."

"அதேதான்."

"இப்ப என்னா பண்றது?"

"ஊசி இருக்கு. அது பழகாத கண்டக்டர். தினம் போடணும். இப்போதைக்கு உங்களைப் பிடிச்சு நிறுத்துறது அந்த ஊசிதான்."

டாக்டரம்மா தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். காதர் பாய்க்கு அதில் கடைசி வாக்கியம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. லீவு போட்டுவிட்டு, தினமும் காலையில் முதல் ஆளாக வந்து ஊசி போட்டுக்கொண்டார். இருமல் குறைந்தது. முகத்தில் சதை பிடித்தது. மாதா மாதம் மெத்தை அறையில் விரலைத் தூக்கினார். தவறாமல் தூக்கினார்.

அவர் மட்டுமா? எங்கள் கிளையில் யாருக்குமே காது கெடவில்லை. மற்ற ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காது போனபோது, கடலூர்க் காதுகள் மட்டும் கல்லாக நின்றன. சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். "இந்த ஊர்ல மட்டும் எப்படி? மீன் நிறையச் சாப்பிடறாங்களோ?" என்று கேட்டார். உஸ் சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "மெத்தைங்க சார்" என்றார். பெரிய டாக்டர் மெத்தைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிகவும் யோசனையோடு ரயிலேறினார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் உஸ் சார் பின்கட்டின் தாழ்வான நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். நல்ல காயம். டாக்டரம்மா மருந்து வைத்து, நெற்றியிலிருந்து கண் இமை வரை இறக்கிப் பட்டையாகக் கட்டுப் போட்டுவிட்டார். லீவு எடுக்கச் சொன்னதற்கு உஸ் என்றுவிட்டு, மெத்தை அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

அன்று கடலூர் செவிடாகிவிட்டது.

முதலில் வந்த தையல்காரருக்கு மெல்லிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அடுத்து தேவனாம்பட்டினத்து அம்மாள், அவளுக்கும் கேட்கவில்லை. அதற்கடுத்தவர், பொத்தானை அமுக்காத நேரத்தில் விரலைத் தூக்கினார், கேட்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தார். உஸ் சார் மெஷினைத் தட்டினார். தானே மாட்டிக் கேட்டார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. வெளியே ஓடி வந்தார். நான் பார்த்து அவர் ஓடிய ஒரே தடவை. அதுவும் செருப்புச் சத்தத்தோடு.

"ஊசி மருந்துல ஏதோ கோளாறு! மெட்ராசுக்குத் தந்தி குடுங்க! ஊரே செவிடாயிடுச்சு!"

டாக்டரம்மா, "ஒரே நாள்ல எல்லாருக்கும் எப்படிங்க போகும்? இன்னொருத்தரைப் பாருங்க" என்றார். வரிசையில் அடுத்து இருந்தது காதர் பாய். டாக்டரம்மாவும் நானும் கதவருகே நின்றுகொண்டோம்.

உஸ் சார் பொத்தானை அமுக்கினார். விரல் எழவில்லை. சத்தத்தைக் கூட்டினார். எழவில்லை. இன்னும் கூட்டினார். காதர் பாய்க்கு நெற்றி வேர்த்தது. கண்ணைச் சுருக்கி உஸ் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் லைட் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவரின் பார்வை அது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கெஞ்சினார்:

"சார், சார்... அந்தக் கட்ட அவுத்துட்டு ஒரே ஒரு தடவ வைங்க சார். எனக்கு நல்லாக் கேக்கும்."

அறையில் நிஜமான நிசப்தம் அப்போதுதான் வந்தது.

"என் கட்டுக்கும் உங்க காதுக்கும் என்னா பாய் சம்பந்தம்?" என்று கேட்டார் உஸ் சார்.

காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் உங்க புருவம் மேல ஏறும் சார். எனக்கு வண்டியில கண்ணாடி பாத்துப் பாத்துப் பழக்கம். கூட்ட நேரத்துல விசிலா கேக்குது? மச்சான் மூஞ்சியப் பாத்துத்தான் வண்டியே எடுப்பேன். ரெண்டு மாசமா காதுக்குள்ள வண்டு கத்துது. சத்தம் தெரியல. புருவம் தெரிஞ்சுது. தூக்குனேன்."

"ஏன் பாய் சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்களே சார். ஊசிதான் புடிச்சு நிறுத்துதுன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க. காது கேக்காத அத்தா இருந்தா சமாளிச்சுக்குவாங்க. அத்தாவே இல்லேன்னா?"

உஸ் சார் ஆயாவிடமிருந்து கைக்கண்ணாடி வாங்கி வரச் சொன்னார். தானே கட்டை அவிழ்த்தார். ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அமுக்கினார். புருவம் ஏறியது. 'இதோ வருகிறது, கேட்டுவிடு' என்று கெஞ்சுகிற மாதிரி ஏறியது. என்னைக் கூப்பிட்டுப் புருவத்தை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அமுக்கினார். மூக்கு விடைத்தது. மூக்கையும் பிடித்தேன். தோள் ஏறியது. எங்கே பிடித்தாலும் வேறு ஓர் இடம் காட்டிக்கொடுத்தது.

தையல்காரரும் தேவனாம்பட்டினத்து அம்மாளும் ஏமாற்ற நினைத்தவர்களே அல்ல. எதிரே ஒரு முகம் அப்படி ஆசைப்படும்போது அவர்கள் விரல் தானாக எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறையில் அத்தனை மாதமும் யாரும் காதால் மட்டும் கேட்கவில்லை.

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு உஸ் சார் எழுந்தார். ஒரு பக்கத்து மெத்தைகளின் கயிற்றைத் தன் கையாலேயே அறுத்தார். ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட இடம் கிடைத்தது. கூடவே வெளிச் சத்தம் முழுவதும் உள்ளே வந்தது. கேட் மணி, வேர்க்கடலைக்காரர், மாவு மில், எல்லாம். அவர் ஒன்றுக்கும் உஸ் சொல்லவில்லை.

"பாய், செவுரப் பாத்து உக்காருங்க."

"வேணாம் சார்."

"உக்காருங்க பாய். எங்க அம்மாமேல ஆணையா சொல்றேன், உசுருக்கு ஒண்ணும் ஆவாது."

இதை அவர் டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்டரம்மா, "வேற மாத்திரை இருக்கு பாய். மெட்ராஸ்ல கேட்டு வாங்கணும். வயித்தைப் புரட்டும். ஆனா உங்க கிருமிக்கு அது இன்னும் பழகல. நான் அன்னிக்கே முழுசா சொல்லியிருக்கணும்" என்றார்.

காதர் பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ரயில் போகக் காத்திருந்து, மில் நிற்கக் காத்திருந்து, அன்று மாலை வரை பரிசோதனை நடந்தது. 'ஊம்' எல்லாம் கேட்டது. மனிதர் பேசும் சத்தம் கேட்டது. 'கீ' என்ற மேல் சத்தங்கள் மட்டும் போயிருந்தன. ஊசி அன்றே நின்றது.

அன்றே உஸ் சார் சென்னைக்கும் எழுதிவிட்டார். மெத்தை அறையில் எடுத்த காதுக் கணக்கு எதையும் நம்ப வேண்டாம், தவறு மெஷினில் இல்லை, என் முகத்தில் இருக்கிறது என்று எழுதினார். வேலை போய்விடும் என்றே நினைத்தோம். சென்னையிலிருந்து திட்டு வந்தது. பின்னாலேயே ஒரு மரச்சட்டத் திரையும் வந்தது. எல்லோரையும் திரைக்குப் பின்னால் வைத்து மறுபடி பார்த்ததில் இன்னும் சிலருக்குக் காது கெடத் தொடங்கியிருந்தது தெரிந்து, நேரத்தோடு ஊசி மாறியது. கடலூர்க் காதுகள் மற்ற ஊர்க் காதுகளைப் போலவே ஆயின.

புது மாத்திரை காதர் பாயைப் படாத பாடு படுத்தியது. "துருப்புடிச்ச ஆணிய சப்புன மாரி இருக்கு சார்" என்பார். உஸ் சார் தினமும் வீட்டிலிருந்து உப்பு நார்த்தங்காய் கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து, மாத்திரை தொண்டைக்குள் இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

"முழுங்கிட்டீங்களா?"

"முழுங்கிட்டேன் சார்."

"வாயத் தொறங்க."

"கண்டக்டர விட மோசம் சார் நீங்க. எறங்குற எடத்துலயும் டிக்கெட்ட கேக்குறீங்க."

"உஸ்!"

சளியில் கிருமி இல்லை என்று சென்னையிலிருந்து அடுத்தடுத்து முடிவு வந்து, பாய் தேறி, முதலாளி அவரை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொள்ள வெகு நாள் ஆயிற்று. ஒரே ஒரு குறை. கண்டக்டர் விசில் அந்த 'கீ' ஜாதி. அது மட்டும் அவருக்குக் கேட்காது. அதனால் சலீம் விசில் ஊதியதும் பஸ்ஸின் பக்கத் தகரத்தை ஓங்கித் தட்டுவது என்று ஏற்பாடு. கண்ணாடியில் சலீமின் முகம் தெரிகிறபோது அதுவும் தேவையில்லை.

சிதம்பரத்தில் ஒரு வேலையாக ஒரு நாள் மாலை அந்த பஸ்ஸில் ஏறினேன். முன்னால் டிரைவருக்குப் பக்கவாட்டு சீட்டில், மடியில் கம்பளி போர்த்திய மெஷினோடு உஸ் சார். அந்த சீட்டில் எஞ்சின் சத்தமும் சூடும் தாங்காது, யாரும் உட்கார மாட்டார்கள். பின்னால் நல்ல சீட்டெல்லாம் காலியாக இருந்தன.

"அவரு காலையிலயும் சாயங்காலமும் அங்கதான் உக்காருவாரு" என்றான் சலீம். "அந்த ரெண்டு நடைக்கு மட்டும் நான் தகரத்தத் தட்ட வேண்டியதே இல்ல."

எனக்குப் புரியவில்லை. முதுநகர் நிறுத்தத்தில் ஆள் ஏறி முடிந்ததும் சலீம் விசில் ஊதினான். உஸ் சாரின் புருவம் மேலே ஏறியது. காதர் பாய் கண்ணாடியில் அதைப் பார்த்தார். வண்டி கிளம்பியது. ரப்பர் ஹாரன் பாம் பாம் என்று அலறியது. உஸ் சார் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன். "சார், புருவம்..."

"உஸ்" என்றார். முகத்தில் ஒரு சின்னப் பையனின் திருட்டுச் சிரிப்பு.

இப்போதும் எந்த ஊர் பஸ்ஸில் விசில் கேட்டாலும் என் புருவம் தானாக மேலே ஏறிவிடுகிறது. இறக்கிக்கொள்ள மனம் வருவதில்லை.